வேப்பங்கொட்டை விழுந்த வீடு

பிப்ரவரி 2, ஞாயிறு

இருபது வருடமாக மைக்செட் தொழில் பண்ணுகிறவன் மைக்கை அணைக்க மறக்கலாமா? மறந்தேன்.

கீழத்தெருவில் ஒரு காதுகுத்து. பாட்டை நிறுத்திவிட்டு, ஒரு கையில் மைக்கும் மறு கையில் செல்லுமாக வீட்டுக்காரிக்குப் போன் போட்டேன். "மாரிக்கனி, வேர்வையில நனைஞ்சு போச்சு. ஓட்டை இல்லாத பனியன் இருந்தா ராகவிகிட்ட குடுத்து விடு. இல்லன்னா ஓட்டை சின்னதா உள்ளதைப் பார்த்துக் குடுத்து விடு."

நாலு திசைக்கும் கேட்டிருக்கிறது. என் கூம்பு ஸ்பீக்கர் அவ்வளவு சுத்தமாக வேலை செய்யும். பந்தலே சிரித்தது. தாய்மாமன் மடியில் உட்கார்ந்து அழுத பிள்ளைகூட அழுகையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தது. டீக்கடைப் பரமன் அண்ணாச்சி எழுந்து நின்று, "ஏலே குருசாமி, அளவு சொல்லாம போனை வச்சிராதல!" என்று கத்தினார்.

ராகவி பனியனை ஒரு பேப்பரில் வைத்து நாலாக மடித்துக் கொண்டுவந்து கொடுத்தாள். சிரிக்கவில்லை. என் மகள் அப்படித்தான்.

இந்த டைரியும் அவள் கொடுத்ததுதான். பள்ளிக்கூடத்தில் கட்டுரைப் போட்டியில் முதல் பரிசாம். "எனக்கு டைரி எழுதப் பிடிக்காதுப்பா, நீங்க எழுதுங்க" என்றாள். கட்டுரையில் முதல் பரிசு வாங்கினவளுக்கு எழுதப் பிடிக்கவில்லை. அவள் இப்போது படிக்கிற அதே பத்தாவதில் கணக்கில் கோட்டை விட்டவன் உட்கார்ந்து எழுதுகிறேன்.

பிப்ரவரி 4, செவ்வாய்

ஒயர் வாங்க சாத்தூர் போனேன். வரும்போது சீனிச்சேவு கொஞ்சம் வாங்கி வந்தேன். ராகவி ஒன்றை நாக்கில் வைத்துவிட்டு, "திகட்டுதுப்பா, எனக்குப் பிடிக்காது" என்று பொட்டலத்தை என் பக்கம் தள்ளிவிட்டாள். நான் பாதி தின்றுவிட்டு மீதியை அலமாரியில் வைத்தேன்.

இவளை மாதிரி செலவு வைக்காத பிள்ளை இந்தத் தெருவிலேயே இல்லை. பஸ் வாடை பிடிக்காது, அதனால் பள்ளிக்கூட டூருக்குப் பெயர் கொடுக்கவில்லை. கவரிங் கம்மல் போட்டால் காது எரியும். புரோட்டா சாப்பிட்டால் வயிறு மந்தம். மற்ற அப்பன்கள் டீக்கடையில் உட்கார்ந்து "பிள்ளைக அதக் கேக்குது, இதக் கேக்குது" என்று புலம்பும்போது நான் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்வேன்.

எல்லாவற்றிலும் அப்படியே என்னைக் கொண்டு பிறந்திருக்கிறாள். பொங்கலுக்குச் சட்டை எடுக்கச் சொல்லி மாரிக்கனி ஒரு வாரம் மல்லுக்கட்டினாள். எனக்குப் புதுத்துணி என்றாலே உடம்பு அரிக்கும், பிடிக்காது என்று சொல்லிவிட்டேன்.

பிப்ரவரி 5, புதன்

சேவுப் பொட்டலத்தைக் காணோம். எலியாகத்தான் இருக்கும். தின்றுவிட்டு, காகிதத்தை நாலாக மடித்து அலமாரி இடுக்கில் செருகிவிட்டுப் போயிருக்கிறது.

பிப்ரவரி 6, வியாழன்

எஸ்தர் மேடம் என்று ஒருவர் ஸ்கூட்டியில் வந்தார். ஏதோ அறக்கட்டளையாம். வெளிநாட்டில், பனி கொட்டுகிற ஊரில் உள்ளவர்கள் மாதாமாதம் பணம் அனுப்புவார்களாம். அதை வைத்து ஒரு தெருவுக்கு ஒரு பிள்ளையைக் காலேஜ் முடிகிற வரைக்கும் படிக்கவைப்பார்களாம். ஹாஸ்டல், புத்தகம், பஸ் எல்லாம் அவர்கள் பாடு. நம்மூர்ப் பள்ளிக்கூடம் பத்தாவதோடு முடிந்துவிடுகிறது. அதற்கு மேல் என்றால் சாத்தூர்தான். எந்தப் பிள்ளைக்குக் கொடுப்பது என்று தெரு ஜனங்களே முடிவு செய்ய வேண்டுமாம். ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்கு மைக் வேண்டும் என்றார்.

முகம் தெரியாத பிள்ளைக்கு ஒருத்தன் காசு அனுப்புகிறான். அவன் தெருவில் பிள்ளைகளே இல்லையா என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை. "தர்ம காரியத்துக்கு நான் வாடகை வாங்குறதில்ல மேடம்" என்று மட்டும் சொன்னேன். சொந்தத் தொழில் செய்கிறவன் அப்படித்தான் பேச வேண்டும்.

உள்ளே மாரிக்கனி சோறு வடித்துக்கொண்டிருந்தாள். மூடியை வைத்த சத்தம் வழக்கத்தைவிடக் கொஞ்சம் பெரிதாகக் கேட்டது.

பிப்ரவரி 9, ஞாயிறு

எதிலிருந்து எழுதுவது என்றே தெரியவில்லை.

மாரியம்மன் கோயில் மந்தைத் திடலில் கோலப்பொடியால் எங்கள் தெருவையே வரைந்தார்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கட்டம். குழாயடி, டீக்கடை, கோயில் எல்லாம் இருந்தது. என் வீட்டுக் கட்டத்தில் எஸ்தர் மேடம் ஒரு கூம்பு ஸ்பீக்கரையும் வரைந்திருந்தார். எனக்கு ஒரே பெருமை.

பெரியவர்கள் கையில் ஆளுக்கொரு புளியங்கொட்டை. பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு வேப்பங்கொட்டை. மேடம் என் மைக்கில் சொன்னார்: "யாரு ஏழை, யாரு பணக்காரங்கன்னு நாங்க கேக்கல. எந்த வீட்டுப் பிள்ளையோட படிப்பு பாதியில நின்னுபோயிரும்னு உங்களுக்குத் தோணுதோ, அந்த வீட்டு மேல வைங்க."

நான் செல்லத்தாய் அக்கா வீட்டு மேல் வைத்தேன். புருஷன் இல்லாத மனுஷி. மாரிக்கனியோடு தீப்பெட்டி ஆபீசுக்கு வேலைக்குப் போகிறது. மகள் அபிநயா ஒன்பதாவது. பெரியவர்கள் பாதிப் பேர் அங்கேதான் வைத்தார்கள். என் கட்டத்திலும் சில புளியங்கொட்டை விழுந்தது. பனியன் விவகாரத்தை மறக்காதவர்கள் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டேன்.

பிறகு பிள்ளைகள் வந்தார்கள். ஒவ்வொன்றாக வந்து, குனிந்து, என் வீட்டு மேலேயே வைத்துவிட்டுப் போனார்கள். ஸ்பீக்கர் படம் மறைந்துவிட்டது. வேப்பங்கொட்டைக் குவியல்.

கூட்டம் என்னைப் பார்த்தது. நான் ராகவியைப் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்தாள். பரமன் அண்ணாச்சி மட்டும், "என்னல, பிள்ளைகளுக்கு மிட்டாய் கிட்டாய் வாங்கிக் குடுத்தியா?" என்றார்.

எனக்குக் காது சூடாகிவிட்டது. மேடம் கையிலிருந்து மைக்கை வாங்கினேன். என் மைக்தானே. "எல்லாருக்கும் வணக்கம். பிள்ளைக வெளையாட்டா வச்சிருச்சுக. நான் சொந்தமா தொழில் பண்றவன். என் மக படிப்பு என்னைக்கும் நிக்காது. எங்க வீட்டுக்கு இது வேண்டாம். செல்லத்தாய் அக்கா மகளுக்குக் குடுங்க."

கைதட்டினார்கள். செல்லத்தாய் அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்தது. எனக்குக் கல்யாண மாப்பிள்ளை மாதிரி இருந்தது.

மேடம் மட்டும் கைதட்டவில்லை. "சார், இன்னைக்கு முடிவில்ல. இருபத்திமூணாந்தேதி திரும்பக் கூடுவோம். அன்னைக்குச் சொல்றதைத்தான் எழுதுவோம். வீட்ல பேசுங்க" என்றார்.

வீட்டில் மாரிக்கனி சோற்றைப் போட்டுவிட்டு விளக்கை அணைத்துவிட்டாள்.

பிப்ரவரி 10, திங்கள்

டீக்கடைக்குப் போகவில்லை. வீட்டிலேயே கடுங்காப்பி.

பிப்ரவரி 11, செவ்வாய்

செல்லத்தாய் அக்கா ஒரு சட்டி மீன்குழம்பு கொடுத்துவிட்டது. "தம்பி, உன் மனசுக்கு நீ நல்லா இருப்ப" என்று வாசலில் நின்று சொன்னது. மீன் நல்ல மீன். சட்டியை வழித்துச் சாப்பிட்டேன்.

ஆனால் இந்தப் பிள்ளைகள் ஏன் அப்படிச் செய்தன? எனக்குத் தோன்றியதெல்லாம் இவ்வளவுதான். ஒன்று, போன மாதம் ஆம்ப்ளிஃபயரில் கை வைத்ததற்கு விரட்டினேன், அதற்குப் பழி. ஆனால் விரட்டு வாங்காத பொடிசுகளும் வைத்ததே. அல்லது, ராகவி நன்றாகப் படிக்கிறாள் என்று பரிசு மாதிரி நினைத்துவிட்டார்களோ? மேடம்தான் தெளிவாகச் சொன்னாரே. படிப்பு நின்றுபோகும் வீடு.

என் வீட்டில் எது நிற்கிறது? ஃபேன் நிற்கும், சில சமயம்.

பிப்ரவரி 14, வெள்ளி

சிவராத்திரிக்குக் குலசாமி கோயில் புக்கிங் ஒன்று வந்திருக்கிறது. பழைய மைக்குகளைத் துடைத்து வைக்கலாம் என்று உட்கார்ந்தேன். ராகவியும் வந்து உட்கார்ந்தாள். துணியால் துடைத்துக்கொண்டே சொன்னாள்.

"யப்பா, பரீட்சை முடிஞ்சதும் நான் படிக்கலப்பா."

"ஏன்த்தா?"

"சயின்ஸ் குரூப் எல்லாம் எனக்குப் பிடிக்காது. தீப்பெட்டி ஆபீஸ்ல கணக்கெழுத ஆள் வேணுமாம். அம்மா கூடவே போயிட்டு அம்மா கூடவே வந்துரலாம்."

பிடிக்காததைப் பிள்ளைக்குத் திணிக்கிற அப்பன் நான் இல்லை. "பிடிக்காட்டி விடு, பாப்போம்" என்றேன். "சரிப்பா" என்றாள். தலை குனிந்தபடியே மைக்கின் வலையைக் கழற்றி ஊதினாள்.

"உள்ள ஒரு மெல்லிசு ஜவ்வு இருக்குல்லப்பா, நம்ம பேசுனா அது நடுங்கும். நம்ம காதுக்குள்ளயும் அதே மாதிரி ஒண்ணு இருக்கு. அது நடுங்குனா மூணு குட்டி எலும்பு ஆடும். அதுல ஒண்ணுதான் உடம்புலயே சின்ன எலும்பு. புளியங்கொட்டைல கால்வாசிகூட வராது." ரொம்ப நேரம் சொன்னாள். கண்ணெல்லாம் மின்னியது. நான் இருபது வருடமாக மைக் பிடிக்கிறேன், அதற்கு ஜவ்வு உண்டு என்று தெரியும். அது என் காதிலும் உண்டு என்று தெரியாது.

பிடிக்காதவளுக்கே இவ்வளவு தெரிகிறது.

பிப்ரவரி 15, சனி

ஏதோ இடிக்கிறது. எது என்று தெரியவில்லை. இரண்டு ஒயரை மாற்றிச் சொருகிவிட்டால் ஸ்பீக்கர் ஒரு மாதிரி உறுமும், அந்த மாதிரி.

பிப்ரவரி 18, செவ்வாய்

குழாயடியில் அபிநயா குடத்தோடு நின்றாள். மற்ற பிள்ளைகள் என்னைக் கண்டாலே ஓடுகிறார்கள். இவள் ஓடவில்லை.

"ஏத்தா, அன்னைக்கு நீயும் எங்க வீட்டு மேலதான் வேப்பங்கொட்டை வச்சியா?"

"ஆமா மாமா."

"உங்க வீட்டு மேல வச்சிருக்கலாமே. உனக்குக் கிடைச்சிருக்குமே."

"நான் ஒம்பதாவதுதான மாமா. ராகவிக்கு இந்த வருசத்தோட முடியுது." பிறகு குடத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "ராகவி மட்டும் எங்க வீட்டு மேல வச்சா. மத்த எல்லாரும் உங்க வீட்டு மேலதான் மாமா."

"அதான் ஏன்னு கேக்கேன். என் மகளுக்கு என்ன குறை?"

குடம் நிரம்பி வழிந்தது. இரண்டு பேரும் குழாயை மூடவில்லை.

"டூருக்கு ஏன் வரலைன்னு கேட்டீங்களா மாமா?"

"அவளுக்கு பஸ் பிடிக்காது. வாந்தி வரும்."

"கட்டுரைப் போட்டிக்கு விருதுநகருக்கு பஸ்லதான் மாமா போனோம். ஜன்னலோரம் உக்காந்து பாட்டுப் பாடிக்கிட்டே வந்தா. போட்டிக்கு டிக்கெட் பள்ளிக்கூடத்துல குடுத்தாங்க."

நான் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

"மதியம் நாங்க யாராவது சேவு கொண்டாந்தா, எங்க எல்லாருக்கும் முன்னாடி கைய நீட்டுறது அவதான் மாமா. எங்களுக்குத் தெரியும். அவ வீட்ல 'பிடிக்காது'ன்னு சொல்றதெல்லாம் என்னென்னன்னு எங்களுக்குத் தெரியும். அவ சொல்ல மாட்டா. நாங்களாப் பார்த்துத் தெரிஞ்சுக்கிட்டோம்." குடத்தை இடுப்பில் வைத்தாள். "டாக்டருக்குப் படிக்கணும்னு ஆறாவதுல இருந்து சொல்லிட்டு இருந்தா. இப்ப ரெண்டு மாசமா, படிப்பே பிடிக்கலைங்குறா. அதான் எல்லாருமே வச்சோம்."

போய்விட்டாள். நான் குழாயை மூடினேன். அதற்குள் என் கால் நனைந்திருந்தது.

பிப்ரவரி 19, புதன்

எலி இல்லை.

பிப்ரவரி 21, வெள்ளி

மாரிக்கனியிடம் கேட்டேன். ஆபீஸிலிருந்து வந்து கையில் ஒட்டின தீக்குச்சி மருந்தைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"ராகவிக்குப் புரோட்டா பிடிக்கும். உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"டூரு?"

"அதுவும் தெரியும்."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா என்ன செய்வீங்க? வட்டிக்கு வாங்கி அனுப்புவீங்க. அப்புறம் எனக்கு டீ பிடிக்காது, எனக்குச் சட்டை அரிக்கும்னு ஆரம்பிப்பீங்க." சோப்பை வைத்தாள். "அவ யாரைப் பார்த்துக் கத்துக்கிட்டான்னு நினைக்கீங்க?"

நான் துண்டை எடுத்து நீட்டினேன். "இப்ப என்ன செய்யச் சொல்ற?" என்று கேட்டேன்.

"வேண்டாம்னு மைக்ல சொன்னது நீங்கதான்."

"செல்லத்தாய் அக்கா மூஞ்சியில எப்படி முழிக்க? மீன்குழம்பு வேற தின்னுட்டேன்."

"தின்னது நீங்க. நான் தொடக்கூட இல்ல" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். உண்மைதான். அன்றைக்கு அவள் ரசம் ஊற்றிக்கொண்டாள். அவளுக்கு மீன் பிடிக்காதோ என்று நினைத்தேன். இப்போது அதுவும் குழப்பமாக இருக்கிறது.

பிப்ரவரி 22, சனி

செல்லத்தாய் அக்கா வீட்டு வாசல் வரைக்கும் இரண்டு தடவை போனேன். முதல் தடவை அக்கா இல்லை. இரண்டாவது தடவை இருந்தது. "என்ன தம்பி?" என்றது. "பல்பு ஃப்யூஸ் ஏதும் போயிருக்கான்னு கேக்க வந்தேன்க்கா" என்றேன். போகவில்லை என்றது. நல்லது என்று வந்துவிட்டேன்.

பிப்ரவரி 23, ஞாயிறு

கூட்டம் முடிந்தது. ஒழுங்காக எழுத முயற்சி செய்கிறேன்.

மைக்கைக் கட்டி, "ஹலோ, ஹலோ" சொல்லிப் பார்த்து, மேடம் கையில் கொடுத்தேன். அவர் தாளைப் பார்த்து, "போன கூட்டத்துல குருசாமி சார் வேண்டாம்னு சொல்லிட்டாங்க. அடுத்து அபிநயா பேரு வருது. யாருக்கும் ஆட்சேபணை இருக்கா?" என்றார்.

நான் கையைத் தூக்கினேன். எல்லாரும் ஸ்பீக்கரில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்தார்கள். மேடம் மைக்கை நீட்டினார்.

"அன்னைக்கு வேண்டாம்னேன்" என்றேன். குரல் ஸ்பீக்கரில் யாரோ மாதிரி கேட்டது. "இன்னைக்கு வேணும்."

செல்லத்தாய் அக்கா எழுந்தது.

"ஏந் தம்பி, ஊருக்கு முன்னாடி குடுத்ததை ஊருக்கு முன்னாடியே புடுங்குற?"

"ஆமாக்கா."

"ரெண்டு வாரமா நான் பிள்ளைகிட்ட காலேஜ் காலேஜ்னு சொல்லிட்டு இருக்கேன். அவளும் தலையத் தலைய ஆட்டுறா."

"ஆமாக்கா. தப்புதான்."

அபிநயா எழுந்து அம்மா கையைப் பிடித்து இழுத்தாள். "எம்மா, நான் ஒம்பதாவதுதான? அடுத்த வருசம் கேப்போம், உக்காரு." அக்கா கையை உதறியது, ஆனால் உட்கார்ந்தது.

எஸ்தர் மேடம் கேட்டார்: "சார், ஏன் மாத்திக்கிட்டீங்கன்னு சொல்லணும். எழுதிக்கணும். உங்க மக படிப்பு நிக்காதுன்னு நீங்கதான் சொன்னீங்க."

ராகவி பிள்ளைகள் நடுவில் உட்கார்ந்திருந்தாள். இன்றைக்குத் தரையைப் பார்க்கவில்லை. என்னையே பார்த்தாள். வேண்டாம்பா, சொல்லிராதீங்க என்கிற பார்வை. இத்தனை வருடமாக அவள் மூடி வைத்ததை நான் ஒரு நிமிஷத்தில் நாலு திசைக்கும் கேட்கிற மாதிரி திறந்துவிட முடியும். காரணம் அதுதான். அதைவிட நல்ல காரணம் மேடத்துக்குக் கிடைக்கவும் கிடைக்காது. மைக் கையில் இருக்கிறது, ஆனில் இருக்கிறது. வாய் வரைக்கும் வந்துவிட்டது.

கொஞ்ச நேரம் சும்மா நின்றேன். ஸ்பீக்கரில் என் மூச்சு மட்டும் கேட்டது.

பிறகு சொன்னேன்: "மேடம், அன்னைக்கு நான் ஓனர் மாதிரி பேசிட்டேன். என் பவிசு என்னன்னு இந்தத் தெருவுக்கே தெரியும். ஓட்டை இல்லாத பனியன் எங்க வீட்ல ஒண்ணு கிடையாது. மைக்லயே சொல்லியிருக்கேன்."

மந்தை சிரித்தது. பரமன் அண்ணாச்சி, "எழுதிக்கோங்க மேடம், சாட்சி நான்!" என்றார். மேடமும் சிரித்துக்கொண்டே எழுதினார். என்ன எழுதினார் என்று தெரியவில்லை. பிறகு ராகவியின் பெயரை வாசித்தார். பிள்ளைகள்தான் முதலில் கைதட்டினார்கள்.

செல்லத்தாய் அக்கா சிரிக்கவில்லை. போகும்போது என் பக்கம் நின்று, "மீன்குழம்புச் சட்டியைக் குடுத்து விடு" என்றது. கொடுத்துவிட வேண்டும். வெறும் சட்டியாகக் கொடுக்க முடியாது. என்ன போட்டுக் கொடுப்பது என்றும் தெரியவில்லை.

ஸ்பீக்கரை நான் தூக்கிக்கொண்டேன். ஒயரை ராகவி சுற்றிக்கொண்டு வந்தாள்.

"யப்பா, எனக்குப் படிக்கப் பிடிக்காதுன்னு சொன்னேன்ல?"

"சொன்ன."

"அப்புறம் ஏன்ப்பா?"

"பிடிக்காட்டியும் போத்தா. அப்பனுக்காகப் போ. எல்லாரும் பிடிச்சதையா செய்யுறோம்?"

"சரிப்பா" என்றாள். நான் சொல்லி முடிப்பதற்குள்ளேயே சொல்லிவிட்டாள். அப்புறம் ஒயரைத் தோளில் மாட்டிக்கொண்டு எனக்கு முன்னால் நடக்க ஆரம்பித்தாள். நடை வேறு மாதிரி இருந்தது.

குழாயடி திரும்பும்போது நின்றாள். "மைக்கைப் பிடிச்சுட்டு ஒண்ணுமே பேசாம நின்னீங்களே, எதுக்குப்பா?"

"ஆன்ல இருக்கான்னு பார்த்தேன்."

"ஆன்லதான் இருந்துச்சு" என்றாள். அவள் சிரித்ததை இந்த டைரியில் முதல் தடவையாக எழுதுகிறேன்.

அப்போது அவளிடமும் சொல்லவில்லை, மந்தையில் மைக்கிலும் சொல்லவில்லை. தொண்டைக்குள்ளேயே நின்றுவிட்டது இவ்வளவுதான்: ராகவி, உனக்குச் சீனிச்சேவு பிடிக்கும்னு அப்பாவுக்குத் தெரியும்த்தா.